சருவம் இன்னும் வரவில்லை

வடிவம்மையின் மடம் திருச்செந்தூர் போகிற சாலையில் இருந்தது. தைப்பூசத்துக்கு நடந்து போகிறவர்கள் அந்த வாசலைத் தாண்டித்தான் போயாக வேண்டும். வருஷம் தவறாமல் பந்தல் போட்டு மோரும் புளிச்சோறும் கொடுப்பார்கள். மற்ற நாளெல்லாம் மடத்துக்கு வேறு வேலை. கேட்பாரற்றுப் படுக்கையில் விழுந்தவர்களைக் கொண்டுவந்து, குளிப்பாட்டி, சோறு ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்துப் பார்த்துக்கொள்கிற வேலை.

அம்மைக்கு ஒரே சீடர், ஆறுமுகநயினார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மையைவிடப் பத்து வயது மூத்தவர் வேறு. அதனால் சீடர் குருவை 'அம்மை' என்பார், குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இரண்டு பேருக்கும் வராது.

அந்த மார்கழியில் நயினாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கூடமாட இருந்தவர்களில் ஒருத்தன் துபாய்க்குப் போய்விட்டான். இன்னொருத்தி கல்யாணமாகிப் போனாள். ஆள் கிடைக்காவிட்டால் பங்குனியோடு படுக்கை அறையை மூடிவிட்டு, படுத்திருக்கிறவர்களை ஆளுக்கொரு திசையாகப் பிரித்து அனுப்ப வேண்டியதுதான். சேதி காதில் விழுந்த அன்றைக்கு, கால் வராத உலகம்மாள் சோற்றைத் தொடவில்லை.

நயினாருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"அம்மை, இந்த வருஷம் பந்தல் வேண்டாம்."

"ஏன் அண்ணாச்சி?"

"அன்னைக்கு ஒருநாள் கூட்டமா வருவானுவ. மோர் ஊத்துவானுவ, போட்டோ புடிப்பானுவ, போயிருவானுவ. மறுநா உலகம்மாளைப் புரட்டிப் போட ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்குமா?"

"பாக்காதுதான்."

"பெறகு எதுக்கு இந்தக் கூத்து?"

அம்மை மூலையில் அடுக்கியிருந்த பாத்திரங்களைப் பார்த்தாள்.

"பந்தலைப் போடுங்க. பாத்திரத்தை மட்டும் கழுவ வேண்டாம்."

நயினாருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பூசம் முடிந்த கையோடு பாத்திரம் பண்டம் அத்தனையையும் தன் கையால் தேய்த்து, உள்ளே வைத்துப் பூட்டினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். ஒரு கரண்டி குறைந்தால் ஊரையே கூட்டிவிடுவார். ஆனாலும் குரு சொல்லியாயிற்று.

பூசம் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, பந்தலில் உதவிக்கு வந்த பிள்ளைகள் உழைத்த உழைப்பைப் பார்த்து நயினாரே அசந்துபோனார். சந்தையில் தையல் கடை வைத்திருக்கும் ஜெபக்கனி, கை மரத்துப்போகிற வரைக்கும் மோர் ஊற்றினாள். செல்போன் கடை மைதீன், கால் கொப்புளித்து வந்தவர்களை உட்காரவைத்துத் தைலம் தடவிவிட்டான். யார் பெற்ற பிள்ளைகளோ, நன்றாக இருக்கட்டும் என்று மனசு நிறைய வாழ்த்தினார்.

பொழுது சாய்ந்தது. பிள்ளைகள் கிளம்பினார்கள். அம்மை வாசலில் நின்றாள். காலடியில் கரி பிடித்த பாத்திரங்கள் குவிந்து கிடந்தன.

"இதை வீட்டுல கொண்டுபோய்க் கழுவி, முடியுறப்ப கொண்டுவா தாயி."

ஜெபக்கனிக்கு ஒரு கரண்டி. மைதீனுக்கு ஒரு அண்டா. முன்பின் பார்த்திராத ஒரு நெட்டையனுக்கு, அகல வாய் வைத்த பித்தளைச் சருவம்.

நயினார் வயிற்றில் அடித்துக்கொள்ளாத குறை.

"அய்யய்யோ, குடி முழுகிப்போச்சே! அம்மை, அது பித்தளை! அவன் யாரு எவன்னு நமக்குத் தெரியாதே!"

"அவனுக்கு நம்மளைத் தெரியுமே அண்ணாச்சி."

மறுநாள் ஒருவரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மிச்சமிருந்த ஒரே பானையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டே நயினார் முணுமுணுத்தார்.

"பாத்தீங்களா?"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கனி வந்தாள். கரண்டி பளபளவென்று இருந்தது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி நயினார் வாசலிலேயே கையை நீட்டினார்.

"நீங்க வாங்காதீங்க அண்ணாச்சி," என்றாள் அம்மை. "உள்ள அடுப்படியில கொண்டு வை தாயி."

அடுப்படிக்கு வேறு வழி கிடையாது. படுக்கை அறை வழியாகத்தான் போக வேண்டும்.

போனவள் திரும்பவில்லை. நயினார் எட்டிப் பார்த்தார். உலகம்மாள் அவள் கையைப் பிடித்திருந்தாள்.

"ஏட்டி, தலை கடிக்கி. கொஞ்சம் சீவி விடேன்."

கரண்டி கட்டிலில் கிடந்தது. ஜெபக்கனி சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். புறப்படும்போது, "அடுத்த ஞாயித்துக்கிழமை எண்ணெய் கொண்டாறேன் ஆச்சி," என்றாள்.

கரண்டியைத்தான் கொடுத்தாகிவிட்டதே, இனி இவளுக்கு இங்கே என்ன வேலை? நயினார் இப்படித்தான் நினைத்தார். ஆனால் கண் ஏனோ கலங்கியது.

மைதீன் அண்டாவோடு வந்த நேரம், நயினார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருத்தரைப் புரட்ட முடியாமல் முக்கிக்கொண்டிருந்தார்.

"தள்ளுங்க அண்ணாச்சி."

அண்டாவைக் கீழே வைத்துவிட்டு ஒரே தூக்காகத் தூக்கிப் புரட்டிப் படுக்கவைத்தான். அப்புறம் கடை திறக்கிறதுக்கு முன்னால் தினமும் வந்து எல்லாரையும் புரட்டிப் படுக்கவைத்துவிட்டுப் போனான்.

எல்லாரும் அப்படி இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு பாத்திரத்தை வைத்துவிட்டு ஓடியவர்களும் உண்டு. அம்மை அவர்களையும் அதே சிரிப்போடுதான் அனுப்பினாள்.

பங்குனி வந்தது. படுக்கை அறையை மூடவில்லை. உலகம்மாள் இரண்டாம் தரம் சோறு கேட்டாள். சீவி முடித்த தலையோடு அவள் அதிகாரம் பண்ணுகிற அழகைப் பார்த்து நயினார் பூரித்துப்போனார்.

ஆனால் சருவம் வரவில்லை. அது அவர் மனசில் முள்ளாகக் கிடந்தது. ஒருநாள் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கப் போகிற வழியில், நெளிந்து ஒடுங்கிய வாளியும் கையுமாக அம்மை முன்னால் நின்றார்.

"எல்லாம் சரிதான் அம்மை. உங்க யோசனைக்கு ஒரு கும்பிடு. ஆனா அந்தச் சருவம் போனது போனதுதான். அந்த நெட்டையன் இனி இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டான்."

அம்மை அவர் கையைப் பார்த்தாள்.

"அந்த வாளி எப்படி ஒடுங்குச்சு அண்ணாச்சி?"

நயினார் சிரித்துவிட்டார்.

"மறந்துட்டீங்களா? நான் கண்டக்டரா இருந்தப்ப நடந்துதே. பூசக் கூட்டத்துல நம்ம பந்தல் முன்னால பஸ் நகர வழியில்ல. சும்மா நிக்காம கீழ எறங்கினேன். யாரோ மோர் வாளியைக் கையில குடுத்தாங்க, ஊத்தினேன். டிரைவர் ஹாரன் அடிச்சான். அவசரத்துல வாளியோடயே ஏறிட்டேன். படியில இடிச்சு ஒடுங்கிப்போச்சு."

"பெறகு?"

"கொண்டாந்து நீட்டினேன். உள்ள கொண்டு வைங்கன்னு சொன்னீங்க."

சொல்லிவிட்டு நயினார் நின்றார். வாளியைப் பார்த்தார். படுக்கை அறை வாசலைப் பார்த்தார்.

"மறுநாளே கொண்டாந்தீங்களோ?" என்றாள் அம்மை.

நயினார் தலையைச் சொறிந்தார்.

"இல்ல. அடுத்த பூசத்துக்கு."

"அப்ப சருவத்துக்கு இன்னும் நாள் கிடக்கு. தண்ணி எடுங்க அண்ணாச்சி."