கரடி முதுகு சொறிந்த கொம்பு

காற்றில் சாய்ந்த முள்மரம் ஒன்று ஓடைக்கரைப் பாறைச் சந்தின் வாயை அடைத்துக்கொண்டது. சந்துக்குள் கீரியின் மூன்று குட்டிகள்! மலையில் மழை கொட்டியதால் ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது.

"என் பிள்ளைகளைக் காப்பாத்துங்களேன்!" என்று கீரி கதறியது.

குரங்கு ஒரு வெட்டுக்கத்தியோடு ஓடிவந்தது. யாரோ காட்டில் போட்டுவிட்டுப் போன கத்தி. பிடிதான் இல்லை.

"பிடிக்கா பஞ்சம்?" என்று குரங்கு ஒரு முருங்கைக் கொம்பை ஒடித்தது.

மரங்கொத்தி அதைத் தட்டிப் பார்த்தது. "பொத்துப் பொத்துன்னு சத்தம் வருது, குரங்கண்ணே! பச்சை மரம், தாங்காது!"

"போடி! வாழைத்தண்டுல இறங்குற மாதிரி எவ்வளவு லேசா இறங்குது பார்!" என்று குரங்கு கத்தியைச் சொருகியது.

மூன்று வெட்டு வெட்டியது. நாலாவதற்கு ஓங்கியதும் கத்தி கழன்று பறந்தது! குரங்கின் வாலுக்கு ஒரு விரல் தள்ளி மண்ணில் குத்தி நின்றது. குரங்கு வாலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டது.

தண்ணீர் பாறையைத் தொட்டுவிட்டது.

மரங்கொத்தி மரம் மரமாகப் போய்த் தட்டியது. பட்டுப்போய் விழுந்து கிடந்த புளியமரத்தில் சாண் நீளக் கொம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. தட்டியதும் 'டங்' என்றது!

"இதுதான்!"

"ஐயோ, அது நான் முதுகு சொறியுற கொம்பு!" என்று கரடி குறுக்கே வந்து நின்றது. "மூணு வருஷமா சொறியுறேன்!"

"மூணு வருஷமா உங்க பாரத்தைத் தாங்கியும் ஒரு கீறல் விழலையே, மாமா! அதனாலதான் கேக்குறேன்!" என்றது மரங்கொத்தி.

கரடி கீரியின் முகத்தைப் பார்த்தது. ஒரு கல்லை எடுத்தது. ஓங்கி ஓங்கி அடித்த பிறகுதான் கொம்பு ஒடிந்து வந்தது. மரங்கொத்தி அதில் துளை போட்டது.

"துளை சின்னதா இருக்கே, நுழையாதே!" என்றது குரங்கு.

"அடிச்சு இறக்குங்க! கஷ்டப்பட்டு இறங்கினாத்தான் கழலாது!" என்றது மரங்கொத்தி.

கரடி கல்லால் அடித்து இறக்கியது. குரங்கு வெட்டியது. பத்து வெட்டு, இருபது வெட்டு... பிடி அசையவே இல்லை! முள்மரம் இரண்டாகப் பிளந்து ஓடையோடு போயிற்று.

குட்டிகள் ஒவ்வொன்றாகக் குதித்து வந்தன. மூன்றாவது குட்டிக்கு வால் மட்டும் நனைந்திருந்தது. காடே ஆரவாரம் செய்தது!

"எல்லாம் சரி, என் முதுகுக்கு வழி?" என்றது கரடி.

மூன்று குட்டிகளும் அதன் முதுகில் ஏறிப் பறபறவென்று சொறிந்தன. "ஆகா! கொம்பைவிட இது சுகமா இருக்கே!" என்று கரடி கண்ணை மூடிக்கொண்டது.

சுலபமாகக் கிடைப்பதை எடுக்காமல், பாரம் தாங்குமா என்று தட்டிப் பார்த்து எடுத்தால்தான் அவசரத்தில் அது கைவிடாது.