மாடத்தி திறந்த கூண்டு

கருங்கல்மேட்டு ஜமீன்தார் மீசையில் குருவி கூடு கட்டியதாகச் சொல்வார்கள். பிறந்தநாள்தோறும் அவர் கூண்டுக்கிளிகளுக்கு விடுதலை கொடுப்பார். இறகு நறுக்கிய கிளிகள் தத்தித் தத்தி, பொழுது சாயுமுன் கூண்டுக்கே திரும்பிவிடும்.

“விடுதலை என்றால் என்னவென்று காட்டுகிற அடிமைக்கு விடுதலை தருகிறேன்!” என்று ஒரு வருஷம் விருந்தாளிகள் முன்னால் முழங்கினார்.

இறகு நறுக்கும் பண்ணையடிமை மாடத்தி கூண்டைத் திறந்தாள். அந்த வருஷம் அவள் கத்தரியையே தொடவில்லை. கிளிகள் ஜிவ்வென்று மலை தாண்டின.

“ஐயோ, அதுகளைக் கூப்பிடுடி!”

“கூப்பிட்டதும் வந்தா அதுக்குப் பேரு விடுதலையா, எசமான்?”

விருந்தாளிகள் கொல்லென்று சிரித்தார்கள். கொடுத்த வாக்கை ஜமீன்தாரால் விழுங்க முடியவில்லை. மாடத்தி நிமிர்ந்து வாசலைத் தாண்டினாள்.

“நில்லுடி! இனி இறகை யார் நறுக்குவது?”

கிளிகளாவது ஒருமுறை திரும்பிப் பார்த்தனவாம். மாடத்தி பார்க்கவில்லை.