நூறு மில்லியில் கன்னியாகுமரி

மைலேஜ் விஷயத்துல பொய் சொல்லாத ஆளை நான் இன்னும் பாக்கல. கோவில்பட்டில இருபது வருசமா ஒர்க் ஷாப் வச்சிருக்கேன், வாரவங்க எல்லாருமே பத்து கிலோமீட்டர் கூட்டித்தான் சொல்லுவாங்க. சொந்த வண்டியப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்றது தப்பில்ல. ஆனா கொம்பையா அண்ணாச்சி கூட்டுற ஆளு கிடையாது. அவரு பெருக்குவாரு.

அவரோட மொபெட்டுக்கு முந்தாநாள் நாந்தான் பாட்டில் டெஸ்ட் பண்ணேன். டேங்க் டியூபைக் கழட்டிட்டு, ஹேண்டில்பார்ல ஒரு தண்ணி பாட்டிலைத் தொங்கவிட்டு, அதுல நூறு மில்லி பெட்ரோல் ஊத்தி, வண்டி நிக்கிற வரைக்கும் ஓட்டணும். ஓடுன தூரத்தைப் பத்தால பெருக்குனா லிட்டருக்கு எவ்வளவுன்னு தெரிஞ்சிரும். ரெண்டே முக்கால் கிலோமீட்டர்ல ரைஸ் மில்லு வாசல்ல நின்னுட்டு. அங்க இருந்து ரெண்டு பேரும் தள்ளிட்டு வந்தோம்.

"தம்பி, இந்த இருபத்தேழரைய வெளிய சொல்லிராத" அப்படின்னாரு அண்ணாச்சி. "உங்க மதினி போன வாரம் விளாத்திகுளம் ரோட்டுல பட்டுச்சேலையோட இதத் தள்ளுனா. ஞாயித்துக்கெழம அவ தம்பி புது வீட்டுக்குப் பால்காய்ப்பு. இந்த வண்டி வாசல்ல நிக்கிற வரைக்கும் உங்களோட எங்கயும் வரமாட்டேன்னு சொல்லிட்டா. அதுக்குள்ள இத வித்தாகணும்."

இன்னைக்குக் காலைல வண்டிய வாங்குறதுக்கு எஸ்தர் ஒர்க் ஷாப்புக்கு வந்துச்சு. விதைக் கம்பெனில ஃபீல்டு வேலை, நாளைக்கு அஞ்சாறு ஊரு சுத்துற பிள்ளை. வண்டிய ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, "பன்னெண்டாயிரம்னு சொன்னாங்க. மைலேஜ் எவ்வளவு குடுக்குது?" ன்னு கேட்டுச்சு.

"எழுபது" ன்னாரு அண்ணாச்சி.

"புது வண்டியே அறுபதுதான அண்ணாச்சி குடுக்கும்?"

அம்பதுன்னு இறங்கி வந்திருந்தா வியாபாரம் அப்பவே முடிஞ்சிருக்கும். அண்ணாச்சிக்கு மூக்கு மேல கோவம் வந்துட்டு. "எழுபதுங்கிறது வண்டிக்கு உடம்பு சரியில்லாதப்பம்மா. முந்தாநாள் பாட்டில் டெஸ்ட் பண்ணோம். இந்தா, இவன்ட்டயே கேளு."

நான் குனிஞ்சு பிளக்கைத் தேய்ச்சிக்கிட்டு இருந்தேன். நிமிரவே இல்ல.

"நூறு மில்லி ஊத்திட்டுக் கெளம்புனேன். எங்க நிக்கிதோ அங்க இருந்து பஸ் ஏறி வந்துரலாம்னுதான் போனேன். கயத்தாறு தாண்டுச்சு, நிக்கல. திருநெல்வேலில எறங்கி ஒரு டீ குடிச்சிட்டு பாட்டிலைப் பாக்கேன், ஒரு விரக்கடைகூடக் குறையல. எனக்கே சலிச்சுப் போச்சு. நாங்குநேரி, நாகர்கோவில்னு போயிக்கிட்டே இருக்கு. கன்னியாகுமரில கடல் வந்துட்டு. இல்லன்னா இந்நேரம் நான் உன்கிட்ட பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்."

எஸ்தர் போனை எடுத்துத் தட்டுச்சு. "போக நூத்தி நாப்பது, வர நூத்தி நாப்பது. நூறு மில்லிக்கு இருநூத்தி எம்பதுன்னா, லிட்டருக்கு ரெண்டாயிரத்து எண்ணூறு."

"பாத்தியா, உன் போனே சொல்லுது. பெட்ரோலுக்குப் பத்து ரூவா, எனக்கு சாப்பாட்டுக்கு இருநூத்தி அறுவது. அந்தப் பயணத்துல நான்தான் தண்டச் செலவு."

"சரி, வரும்போதாவது பாட்டில் காலியாச்சா?"

"எங்க காலியாக? ஆரல்வாய்மொழி கணவாய்ல காத்து எப்படி அடிக்கும்னு உனக்குத் தெரியும்லா. காத்தாடி மில்லு அம்புட்டும் சுத்துது. நான் இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு சும்மா உக்காந்திருக்கேன், காத்து பின்னால இருந்து தள்ளுது. தள்ளுன தள்ளுல கீழ போன பெட்ரோல் டியூப் வழியா மேல ஏற ஆரம்பிச்சிட்டு. வள்ளியூர் வரும்போது பாட்டில் நெறஞ்சு வழியுது. மூடியத் திருகித் திருகி என் கை வலிச்சது."

"காத்து குடுத்த பெட்ரோலா?"

"குடுத்ததுன்னா? கங்கைகொண்டான் பக்கத்துல ஒரு லாரிக்காரன் வண்டி நின்னுபோயி அழுதுகிட்டு இருந்தான். அவனுக்குக் கால் லிட்டர் ஊத்திவிட்டேன்."

"லாரி டீசல்லதான அண்ணாச்சி ஓடும்?"

அண்ணாச்சி அரை நிமிசம்கூட யோசிக்கல. "அதத்தான் அவனும் சொன்னான். ஊத்துங்க பாப்போம்னான், ஊத்துனேன், சேலம் வரைக்கும் போயிட்டான். மறுநாள் நம்ம பங்க் ஓனரு வீட்டுக்கே வந்து என் கையப் புடிச்சிக்கிட்டாரு. அண்ணாச்சி, இந்த வண்டிய வெளியூருக்கு வித்துருங்க, என் பொழப்புல மண்ணு விழுந்துரும்னு கண்ணு கலங்குனாரு."

எஸ்தர் போனைப் பையில வச்சிச்சு. "அப்ப எனக்கு இந்த வண்டி வேண்டாம் அண்ணாச்சி."

அவரு மொகம் வாடிப்போச்சு. "ஏம்மா?"

"எங்க கம்பெனில தினமும் பங்க் பில்லு அனுப்பணும். பில்லு இல்லன்னா நான் ஃபீல்டுக்கே போகலன்னு லீவு போட்டுருவாங்க. பெட்ரோல் குடிக்காத வண்டிய வச்சிக்கிட்டு நான் என்ன பண்ண?"

அது செருப்பை மாட்டிட்டு வாசலுக்குப் போயிட்டு. அண்ணாச்சி ஓடிப்போயி முன்னால நின்னாரு.

"எம்மா, நில்லு. நான் முழுசாச் சொல்லி முடிக்கல. அது காத்தடிக்கிற காலத்துல மட்டும்தான். மத்த நாள்ல இது குடிக்கிற குடிக்கு ஒரு பங்க் பத்தாது. பங்க் வாசலைக் கண்டா ஹேண்டில்பார் தானா உள்ள திரும்பும். இந்தா பக்கத்துல இருக்க நாலாட்டின்புதூர் போயிட்டு வர மூணு லிட்டர். நிறுத்தி வச்சாலும் குடிக்கும். பில்லு வைக்க உனக்குத் தனியா ஒரு பை வாங்கணும்." மூச்சு வாங்குனாரு. அப்புறம் குரல் இறங்கிப்போச்சு. "போன வாரம் நடு ரோட்டுல நின்னுட்டும்மா. எம் பொண்டாட்டி பட்டுச்சேலையோட தள்ளுனா. கார்ல போற சொந்தக்காரங்க எல்லாம் பாத்துட்டுப் போனாங்க. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசாம அழுதா."

காலைல இருந்து அவரு சொன்னதுல அது ஒண்ணுதான் நெசம். எனக்கு மனசு கேக்கல. "இருபத்தேழரைதான்மா குடுக்கும். கார்புரேட்டரைச் சரி பண்ணா நாப்பது வரும், அத நான் செஞ்சு தாரேன்" னேன்.

எஸ்தர் திரும்பி வந்து வண்டி சீட்டைத் தட்டிப் பாத்துச்சு. "பெட்ரோல் காசு கம்பெனி குடுக்கும். நடுவுல நின்னா தள்ளுறது நாந்தான? தள்ளுகூலி ரெண்டாயிரத்தைக் கழிச்சிக்கோங்க."

அண்ணாச்சி பேரம் பேசல. பத்தாயிரத்தை வாங்கி வச்சிக்கிட்டு, வண்டி போற வரைக்கும் பாத்துட்டு, மதினிக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சாரு.

"மாரியம்மா, வண்டிய வித்துட்டேன். முப்பதாயிரம். நாலு பேரு போட்டி போட்டாங்க, ஒரு ஆளு திருச்சில இருந்து வந்திருந்தான்."

"நெசமாவே வித்துட்டீகளா?" மதினி குரல்ல அம்புட்டு சந்தோசம். "சரி, இப்ப வீட்டுக்கு எப்படி வருவீக?"

வண்டி நின்ன எடத்தை அண்ணாச்சி திரும்பிப் பாத்தாரு. "நடந்துதான் வரணும்."

"அப்ப வழக்கம்போலதான்" ன்னு மதினி போனை வச்சிட்டாங்க.