கூடைக்கு அடியில் வைக்கோல்

"ஊர் முழுக்கக் கள்ளப் பயலுக, தாயே" என்றான் திருமேனி.

மாசாத்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படகு ஓரத்தில் உட்கார்ந்து காலை ஏரிக்குள் விட்டிருந்தாள். மீன்கள் அவள் விரல்களைக் கொத்திக்கொண்டிருந்தன.

எங்கும் மூடுபனி. படகு தண்ணீரில் கிடக்கிறதா மேகத்தில் கிடக்கிறதா என்றே தெரியவில்லை.

மாசாத்தி அவனைவிடச் சின்னவள். ஆனாலும் மனசு குழம்பினால் அந்த ஊர் அவளிடம்தான் போகும். அவள் பாதி நேரம் பதிலே சொல்லமாட்டாள். அப்படியும் போகும்.

திருமேனி தண்டல்காரன். வரி வாங்குவது அவன் வேலை. அங்கே வரி என்றால் காசு இல்லை, மண். மழைக்காலம் வரும்வரை தினமும் விடிந்ததும் வீட்டுக்கு ஒரு கூடைக் களிமண் ஏரிக்கரைமேல் கொண்டுவந்து வைக்க வேண்டும். கரைக்குக் கீழேதான் ஊர். கரை உடைந்தால் ஊர் இல்லை.

இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கூடைக்கு அடியில் வைக்கோலைத் திணித்து, மேலே மட்டும் மண்ணை அப்பிக்கொண்டு வந்தார்கள். கவிழ்த்தால்தான் தெரியும்.

திருமேனியும் சும்மா இருக்கவில்லை. அபராதம் போட்டான். வைக்கோலை இன்னும் கெட்டியாக அமுக்கக் கற்றுக்கொண்டார்கள். காவல் போட்டான். காவல்காரனுக்குத் தினமும் மோர் கிடைத்தது, அவ்வளவுதான். கடைசியில், வெட்கமாவது வரட்டும் என்று தெருத்தெருவாகப் பறை அறைந்து சொல்லவைத்தான்: ஊரில் பாதிப் பேர் வைக்கோல்தான் கொண்டுவருகிறீர்கள்.

மறுநாள் மீதிப் பாதியும் வைக்கோல் கொண்டுவந்தது.

அதுவரை ஒழுங்காக மண் சுமந்தவர்களில் மாடப்பனும் ஒருவன். அவன் திருமேனியிடமே வந்து கேட்டான், "அப்ப இத்தன நாளா நான் மட்டுந்தான் கேனையனா?"

இதையெல்லாம் திருமேனி கொட்டித் தீர்த்தான். கிழக்கே மேகம் கறுத்துவிட்டது, கரையில் ஓரிடத்தில் கசிவு தெரிகிறது, இனி என்ன செய்ய என்று கேட்டான்.

மாசாத்தி மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கனவு வருது, தாயே. ஏரி எழுந்து நடக்குது. ஈரக் காலோட ஊருக்குள்ள போயி வீடுவீடாக் கதவத் தட்டுது. யாருமே திறக்கல."

"உன் வீட்டையும் தட்டுச்சா?"

"என் வீடு மேட்டுல இருக்கு. அங்க எப்படி வரும்?"

அப்போதுதான் அவள் திரும்பினாள்.

"மேட்டுல வேற என்ன இருக்கு?"

"மல்லிகைப் பந்தல்."

"அதுக்கு மண்ணு?"

அவன் பாயின் ஓரத்தை நிமிண்டினான்.

"கரைக்கு வந்த மண்ணுல கொஞ்சந்தான் எடுத்தேன்" என்றான் திருமேனி.

மாசாத்தி எழுந்தாள். அவனையும் எழுப்பினாள். அவன் உட்கார்ந்திருந்த பாயைச் சுருட்டி அவன் கையில் கொடுத்தாள். அவன் கரையில் இறங்கியதும் படகைத் தள்ளிக்கொண்டு பனிக்குள் போய்விட்டாள்.

அவனுக்குக் கோபம் வந்தது. வழி கேட்டுப் போனால் பாயைக் கொடுத்து அனுப்புகிறாள்.

அந்தப் பாயோடேதான் மேடு ஏறினான். பாதியில் திரும்பிப் பார்த்தான். பனி ஊரை மூடியிருந்தது. கூரைகள் மட்டும் வெளியே தெரிந்தன. தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரி.

அங்கேயே ரொம்ப நேரம் நின்றான்.

இன்றிலிருந்து கரைக்குக் கீழேதான் படுக்கை என்று வீட்டில் சொன்னதும் பெண்டாட்டி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கரை எப்ப வேணா உடையும்னு நீங்கதானங்க சொன்னீங்க?"

அவன் மண்வெட்டியை எடுத்து மல்லிகைப் பாத்தியை வெட்ட ஆரம்பித்தான். அவள் நின்று பார்த்தாள். அப்புறம் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

கரையடியில் காலியாகக் கிடந்த ஒரு கொட்டகையில் பாயை விரித்தார்கள். அதற்குக் கதவுகூட இல்லை. கரைக்கு அந்தப் பக்கம் ஏரி மெல்ல அசைவது கேட்டது. சுவருக்கு அப்பால் யாரோ மூச்சு விடுகிற மாதிரி.

விடிந்தது. திருமேனி முதல் கூடையைச் சுமந்துபோய்க் கரைமேல் வைத்தான். மண்ணுக்குள்ளிருந்து மல்லிகை வேர் நீட்டிக்கொண்டிருந்தது. காவல் இல்லை, பறையும் இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

பனிக்குள்ளிருந்து மாடப்பன் வந்தான். தலையில் கூடை, நடையில் சுமையே இல்லை. வைக்கோல்தான். திருமேனி ஒன்றும் கேட்கவில்லை.

மாடப்பன் அந்த வேரைப் பார்த்தான். பிறகு கீழே பார்த்தான். கொட்டகை. பாய். பாய்க்கு வெளியே ஒரு சின்னக் கை.

கூடையை இறக்காமலே திரும்பிப் போனான்.

பனி மூடிக்கொண்டது. கிழக்கே இடி உருண்டது. அவ்வளவுதான், இனி யாரும் வரமாட்டார்கள் என்று திருமேனி நினைத்தான்.

மாடப்பன் மறுபடி வந்தான். இப்போது கழுத்து தோளுக்குள் அமுங்கியிருந்தது. அவனுக்குப் பின்னால் பனிக்குள் இன்னும் சில கூடைகள் அசைந்து வந்தன.

திருமேனி ஓடிப்போய் ஒரு கை கொடுத்தான். கனம் அவனைக் கீழே இழுத்தது.

"மாடப்பா" என்றான். குரல் அவனை மீறி உயர்ந்துவிட்டது.

மாடப்பன் வாய்மேல் விரலை வைத்தான்.

"மெதுவாப் பேசுங்க, தண்டல்காரரே. புள்ள தூங்குது."