கொப்பையாவின் சளி மாதிரி

ஊமச்சிபட்டியில் யாரையாவது பார்த்து, "உனக்குப் புத்தி கம்மி" என்று சொன்னால் அவருக்குக் கோபம் வராது. பக்கத்தில் நிற்பவருக்குத்தான் வரும், தன்னை விட்டுவிட்டார்களே என்று. அந்த ஊரின் நோய்த்தடுப்புக் குழுவுக்குக் கொப்பையா எப்படித் தலைவர் ஆனார் என்பதை அவரே பிற்பாடு சொல்லிச் சிரிப்பார். நர்சம்மா அமுதவல்லி ஊர் மந்தையில் கூட்டம் போட்டுப் பேசியபோது, அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் கொப்பையா ஒருத்தர்தான் தலையை ஆட்டினார். அது தூக்கத்தில் ஆடிய தலை என்பது கொப்பையாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"புதுசா உருமாறின கொரோனா பக்கத்து டவுன் வரைக்கும் வந்துருச்சு. ஆளுக்கு ஆள் ஆறடி இடைவெளி விடுங்க. பரவுற சங்கிலியை உடைக்கணும். யாருக்காவது காய்ச்சல் இருமல்னா, உடனே சளி மாதிரி எடுத்து எனக்கு அனுப்பணும்" என்று சொல்லி, ஒரு சின்னப் புட்டியையும் கொடுத்துவிட்டு நர்சம்மா பஸ் ஏறினார்.

குழுவில் மொத்தம் மூன்று பேர். கொப்பையா, டீக்கடை சன்னாசி, சைக்கிள் கடை இருளப்பன். அன்றைக்கே கூடிப் பேசினார்கள்.

"உருமாறி வருதுன்னாங்களே, என்ன உருவத்துல வரும்?" என்று கேட்டார் சன்னாசி.

"அது தெரிஞ்சுட்டா அப்புறம் என்னத்துக்கு உருமாறணும்?" என்றார் இருளப்பன்.

"அதுவும் சரிதான். ஆமா, இப்பப் பேசுறது யாரு?"

"நான்தான்யா, இருளப்பன்."

"அதுவும் இப்படித்தானே சொல்லும்!"

மூன்று பேரும் ஒருவரையொருவர் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார்கள். இருளப்பன், சன்னாசி டீயில் சர்க்கரை போட மறந்ததைச் சொல்லித் தன்னை நிரூபித்தார். சன்னாசி, அதை மறுத்துச் சண்டை போட்டுத் தன்னை நிரூபித்தார். கொப்பையாவிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. தலைவரைச் சந்தேகப்படக் கூடாது என்று விட்டுவிட்டார்கள். அதுதான் அவரைப் படுத்தியது. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். மூக்கு கொஞ்சம் மாறியிருப்பது போலத்தான் தெரிந்தது.

மறுநாள் ஆறடி மூங்கில் இரண்டை எடுத்து, ஆளுக்கு ஆள் நடுவில் வைத்து இடுப்போடு கட்டிக்கொண்டு மூவரும் ஊரைச் சுற்றிவந்தார்கள். நேர்த் தெருவில் நன்றாகத்தான் போனார்கள். பிள்ளையார் கோயில் சந்து திரும்பும்போது நடுவில் இருந்த கொப்பையா சுவரோடு சுவராக மாட்டிக்கொண்டார். முன்னால் இழுத்தால் சன்னாசி கத்தினார், பின்னால் இழுத்தால் இருளப்பன் கத்தினார். கடைசியில் ஊரே திரண்டு வந்து, ஒருவர் தோளில் ஒருவர் ஏறி, அவர்களைப் பிடுங்கி எடுத்தது. அந்த நெரிசலுக்குள் நின்றுகொண்டே கொப்பையா, "எல்லாரும் இடைவெளி விடுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தலைவர் கடமையை மறக்கக் கூடாதல்லவா?

அடுத்தது சங்கிலி. இருளப்பன் சுத்தியலோடு கிளம்பி, மதியத்துக்குள் ஊரில் இருந்த அத்தனை சைக்கிள் செயினையும் உடைத்துப் போட்டார். பால்காரர் வீட்டு நாயின் சங்கிலியையும் உடைத்தார். அன்றைக்குத்தான் குழு முதல்தடவையாக ஆறடிக்கு மேல் இடைவெளி விட்டு ஓடியது.

மீதி இருந்தது கொப்பையாவின் மனைவி ஒச்சம்மாவின் கழுத்துச் சங்கிலி.

"ஊர் நன்மைக்குத்தான் கேக்குறேன், ஒச்சு."

ஒச்சம்மா அரிவாள்மனையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "கிட்ட வாங்க, உடைச்சுத் தர்றேன்" என்றாள்.

தங்கத்தில் கொரோனா பரவாது என்று கொப்பையா அந்த இடத்திலேயே தீர்மானம் போட்டார்.

மூன்றாம் நாள் அவருக்கே காய்ச்சல் வந்தது. உடம்பு கொதித்தது, இருமல் நெஞ்சைப் பிய்த்தது. ஒச்சம்மா கஞ்சி கொண்டுவந்தபோது, "கிட்ட வராத. நான் நானா இல்லையோன்னு சந்தேகமா இருக்கு" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை, கண் கலங்கியிருந்தது. ஒச்சம்மா வாசற்படியிலேயே கஞ்சியை வைத்துவிட்டு, "கொரோனாவுக்கு இம்புட்டு அறிவு கம்மியா இருக்காது. நீங்க நீங்கதான், குடிங்க" என்றாள். கொப்பையாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

குழு ஜன்னலுக்கு வெளியே கூடியது. சன்னாசி புட்டியை எடுத்து, "இதுல துப்புங்கண்ணே" என்றார்.

"நில்லு" என்றார் இருளப்பன். "நர்சம்மா சளியவா கேட்டாங்க? சளி மாதிரிதானே கேட்டாங்க?"

கொப்பையா காய்ச்சலோடு யோசித்தார். "ஆமாய்யா. சளி மாதிரிதான்."

"வெண்டைக்காய வெட்டினா கொழகொழன்னு வருமே, அது?" என்றார் சன்னாசி.

"கோழிமுட்டை வெள்ளைக்கரு இன்னும் பொருத்தமா இருக்கும்" என்றார் இருளப்பன்.

வழக்கு முற்றியது. ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார் கொப்பையா. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் நிஜச் சளியைத் துப்பி ஜன்னல் திண்டில் வைத்தார். மூன்றையும் வெயிலில் சாய்த்துப் பார்த்தார்கள். வெள்ளைக்கரு வென்றது. அதைப் புட்டியில் ஊற்றி மூடிவிட்டு, நிஜச் சளியை, வேலை முடிந்துவிட்டதால், குழிதோண்டிப் புதைத்தார்கள். அவசரம் என்பதால் இருளப்பன் சைக்கிளிலேயே கிளம்பினார். செயின் இல்லாததால் ஏழு கிலோமீட்டரும் அதைத் தள்ளிக்கொண்டே போனார்.

சாயங்காலமே நர்சம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார், கையில் புட்டியோடு.

"என்னண்ணே இது?"

"சளி மாதிரி, நர்சம்மா."

"சளி எங்கண்ணே?"

"அதை நீங்க கேக்கவே இல்லையே."

நர்சம்மா புட்டியைக் குப்பையில் போட்டார். பிறகு குச்சியை எடுத்துக் கொப்பையாவின் மூக்குக்குள் தானே விட்டார். இரண்டு நாளில் முடிவு வந்தது. புதுக் கொரோனாவேதான். நல்லவேளை, முன்னாலேயே தடுப்பூசி போட்டிருந்ததால் காய்ச்சலும் அதற்குள் இறங்கியிருந்தது.

"பயப்படாதீங்க. ஏழு நாள் தனியா இருங்க, போதும்" என்று சொல்லி, குழுவிடம், "அண்ணன் தனியாத்தான் இருக்காரான்னு நீங்க பாத்துக்கணும்" என்றார்.

பார்த்துக்கொண்டார்கள். ஆறாம் நாள் நர்சம்மா கதவைத் திறந்தபோது உள்ளே கொப்பையாவைச் சுற்றிப் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சன்னாசி எல்லாருக்கும் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"தனியா இருக்கச் சொன்னேனே!" என்று நர்சம்மா அலறினார்.

"தனியாத்தான்மா இருக்கேன்" என்றார் கொப்பையா, ரொம்பப் பாவமாக. "ஒருநாள்கூட மீறலை. இவங்கதான் எல்லாரும் சேர்ந்து இருக்காங்க."