ஊசியிலை மரத்தின் காய் நிமிர்ந்த விதம்

மரங்களுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், கூதல்மலை உச்சி முழுக்க ஊசியிலை மரங்கள் நின்றன. மேகம் வந்து அவற்றின்மேல் படியும். இலை நுனிகளில் திரண்டு சொட்டும். அந்தச் சொட்டுதான் கீழே ஊருக்குச் சுனை.

அப்போதெல்லாம் அந்த மரத்தின் காய்கள் மாங்காய்போல் கீழ்நோக்கித் தொங்கின. முற்றியதும் முழுசாகப் பொத்தென்று விழும். பிசின் ஊறிய காய் என்பதால் எந்த மழையிலும் சட்டென்று பற்றிக்கொள்ளும். விழுந்ததையெல்லாம் ஊரார் அடுப்புக்கு அள்ளினார்கள். தப்பியதை முள்ளம்பன்றி தின்றது. கிழமரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கன்று எங்கும் முளைக்கவில்லை. கடைசியில் உச்சியில் ஒரே ஒரு மரம் மிஞ்சியது. சுனையும் நூலாக இளைத்துப்போனது.

அந்த ஊரில் நஞ்சி என்றொரு பெண். பால்குடி மாறாத மகள் அவளுக்கு. கணவன் மசணன் தேனெடுக்கப் போன இடத்தில் கால் பிசகிப் படுத்திருந்தான். அந்த வருஷம் அடைமழை விடவே இல்லை. விறகு நனைந்து வெறும் புகையாக வந்தது. ஒரு காலையில் குழந்தையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"உச்சி மரத்துல காய் முத்தியிருக்கும். கொண்டாந்துடறேன்" என்று மகளை மசணன் மார்பில் கிடத்திவிட்டு நஞ்சி மலையேறினாள்.

காயைத் தட்ட அவள் கோலை ஓங்கியபோது மரம் பேசியது.

"தட்டிக்கோ, நஞ்சி. அதுக்கு முன்னால ஒரு தடவை சுத்திப் பாரு. எனக்குப் பின்னால யாராவது நிக்கிறாங்களா?"

புல்லும் பாறையும்தான் தெரிந்தன; ஒரு கன்றுகூட இல்லை.

"என் பிள்ளை குளிர்ல விறைக்குது" என்றாள் நஞ்சி.

"என் பிள்ளைங்களும் இந்தக் காய்க்குள்ளதான் இருக்காங்க. இறக்கை வேற முளைச்சிருக்கு. காத்து வந்து திறந்துவிடறதுக்குள்ள காய் விழுந்துடுது. அதைத் தூக்கி நிறுத்த எனக்குத் தெம்பில்லை. நீ எடுத்துட்டுப் போ. உன்னை நான் குறை சொல்ல மாட்டேன்."

திட்டியிருந்தால்கூட அவள் தட்டியிருப்பாள். கோலைப் பிடித்தபடி வெகுநேரம் மழையில் நின்றாள். மகளின் உதடு கண்ணுக்குள் வந்து வந்து போயிற்று. பிறகு கோலைக் கீழே போட்டுவிட்டு மரத்தில் ஏறினாள். கட்டியிருந்த சேலையின் முந்தானையை நார் நாராகக் கிழித்து, ஒவ்வொரு காயையும் கிளைமேல் நிமிர்த்திக் கட்டினாள். கைகளில் பிசின் அப்பிக்கொண்டது.

வெறுங்கையோடு வந்தவளை மசணன் பார்த்தான்.

"காய் எங்கே?"

"மரத்துலயே கட்டிட்டு வந்துட்டேன்."

"அப்ப பிள்ளைக்கு?"

நஞ்சி மகளை வாரிக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போனாள். அது மசணனின் அண்ணி கெம்பியின் வீடு. தேன் பங்கில் சண்டையாகி, இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. ஆனால் கெம்பியின் பரணில் காய்ந்த விறகு இருந்தது.

"அக்கா, அடுப்புப் பக்கத்துல கொஞ்சம் இடம் கொடு."

கெம்பி கிழிந்த சேலையைப் பார்த்தாள். குழந்தையின் உதட்டைப் பார்த்தாள்.

"வாசல்ல நின்னுக்கிட்டா கேப்பே? பிள்ளையை இப்படிக் கொடு."

அந்த மழைக்காலம் முழுக்க இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு. மசணனும் நொண்டிக்கொண்டே வந்து குளிர்காய்ந்தான். குழந்தை தேறியது. தேன் பேச்சு வந்தால் மட்டும் பெண்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

மழை ஓய்ந்து காற்று கிளம்பியது. நிமிர்ந்து நின்ற காய்கள் மரத்திலேயே செதில் செதிலாகப் பிரிந்தன. இறக்கை கட்டிய விதைகள் சுழன்று சுழன்று சரிவெங்கும் பறந்தன. அடுத்த மழைக்குப் புல்லுக்கிடையே விரல் உயரத்தில் பச்சை ஊசிகள் தலைகாட்டின. "ஆட்டை யாரும் இந்தப் பக்கம் விடாதீங்க" என்று கெம்பிதான் ஊரெல்லாம் சொல்லிவந்தாள். கன்றுகள் வளர்ந்து மேகத்தைத் தொட்டபோது சுனையில் குடம் முங்குமளவு தண்ணீர் நின்றது. நஞ்சியின் மகள்தான் அதில் முதல் குடம் மொண்டாள்.

அந்த மரமோ, மறுபடி காய்த்தபோது யாரும் கட்டாமலே காயை மேல்நோக்கி நிறுத்தியது. நஞ்சி மரமேறிய அந்த மழைக்காலம் தொட்டுத்தான் கூதல்மலை ஊசியிலை மரத்தின் காய்கள் கிளைமேல் நிமிர்ந்தே நிற்கின்றன. ஒன்றுகூட முழுசாகத் தரையில் விழுவதில்லை.