நான்தான் அணைச்சேன்

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் அந்த அறையில் இருந்தவர் இல்லை. இருந்த ஒருவரிடம் கேட்டவர். அதனால் வார்த்தைகள் கொஞ்சம் முன்பின் மாறியிருக்கலாம்.

"ஸ்லைடை இன்னும் வேகமாப் பண்றது எப்படி, டீச்சர்?" என்று கேட்டார் வெள்ளைச்சாமி.

டீச்சர் என்று அவர் கூப்பிட்ட, அதே ஆபீஸில் வேலை பார்க்கும் ஷம்ஷாத்துக்கு அவரைவிட வயது குறைவு. முதலில் மேடம் என்றுதான் கூப்பிட்டுப் பார்த்தார். ஷம்ஷாத் திரும்பவே இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. டீச்சர் என்பது இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம்.

ஷம்ஷாத் எழுந்து வந்தார். வெள்ளைச்சாமியின் மவுஸைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கினார். வயரைச் சுருட்டித் தன் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு வாங்கண்ணே."

அது கிராமங்களில் சூரிய ஒளி மோட்டார் அமைத்துத் தரும் ஒரு கம்பெனி. அமைத்த மோட்டார் ஓடுகிறதா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து வருவது வெள்ளைச்சாமியின் வேலை. அவர் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் அவர்தான். அரசுத் தேர்வுகளை எழுதி எழுதி முப்பது கடந்தபின் கிடைத்த முதல் வேலையும் இதுதான்.

வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால், பார்த்து வந்ததை மூன்று மேலாளர்கள் முன்னால் ஸ்லைடு போட்டுப் பேச வேண்டும். பத்து நிமிடம். முடிந்ததும் மணி அடிப்பார்கள்.

முதல் தடவை மவுஸ் அம்பு திரையில் எங்கே போனது என்று அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. பாதி ஸ்லைடுகூடத் தாண்டவில்லை. மாதக் கடைசியில் இன்னொரு வாய்ப்பு தருகிறோம் என்றார்கள். அதோடு சரி. அதிலும் தவறினால் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அன்று லிஃப்டில் இறங்கும்போது மூவரில் ஒருவரான ஹேமலதா கூட நின்றார். வெள்ளைச்சாமியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நீங்க ஏசி சர்வீஸுக்கு வந்தவரா?"

இல்லை என்று சொல்வதற்குள் கதவு திறந்துவிட்டது.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அந்த ஊரில் ஆளும் இல்லை.

மவுஸ் இல்லாத முதல் நாள் கை வெட்டுப்பட்டது போலிருந்தது. ஷம்ஷாத் ஒரு நாளைக்கு ஒன்றுதான் சொல்லித் தருவார். கன்ட்ரோலோடு எம், புது ஸ்லைடு. கன்ட்ரோலோடு டி, இருப்பதுபோல் இன்னொன்று. எஃப் ஐந்து, முதலிலிருந்து காட்சி. அதோடு ஷிஃப்ட்டையும் பிடித்தால், நிற்கிற இடத்திலிருந்து. காட்சியின் நடுவே எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் அந்த எண்ணுள்ள ஸ்லைடு.

அவ்வளவுதானா என்று கேட்டால், அது கைக்கு வந்ததும் வாங்க என்பார்.

பக்கத்து வரிசைப் பையன்களுக்குப் பொழுதுபோக்குக் கிடைத்தது. குருகுலத்துல எப்ப அண்ணே மொட்டை அடிப்பாங்க என்று ஒருவன் கேட்டான். குருதட்சணைக்குக் கட்டைவிரலைக் கேட்டுட்டா ஸ்பேஸ் பாரை எதை வச்சு அண்ணே தட்டுவீங்க என்றான் இன்னொருவன். வெள்ளைச்சாமியும் சிரித்தார். அவர்கள் அவரிடம் பேசியது அதற்காக மட்டும்தான்.

மதியம் எல்லோரும் கும்பலாகச் சாப்பிடப் போவார்கள். ஷம்ஷாத் தன் இருக்கையிலேயே டப்பாவைத் திறப்பார். அந்த நேரத்தில் அவருடைய திரை கறுப்பாக இருக்கும். கம்ப்யூட்டர் அணையவில்லை, சின்ன விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பு. மின்சாரம் மிச்சம் பிடிக்கிறாராம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

வெள்ளைச்சாமி தன் டப்பாவை மாடிப்படியில் உட்கார்ந்து காலி செய்வார்.

சில வாரங்களில் விரல்கள் பழகின. முன்பு ஒரு நாள் பிடித்த வேலை இப்போது காபி ஆறுவதற்குள் முடிந்தது. மிச்சமான நேரத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் ஸ்லைடு செய்தார்.

முன்பாவது, இது எப்படிப் பண்றது என்று பக்கத்தில் யாரையாவது கேட்க வேண்டியிருந்தது. இப்போது அதற்கும் வேலை இல்லை.

ஒத்திகை பார்க்கலாம் என்று ஒரு மதிய இடைவேளையில் ஷம்ஷாத்தின் கம்ப்யூட்டரிலேயே தன் கோப்பைத் திறந்தார். கீபோர்டு அவர் கையில். ஷம்ஷாத் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளைச்சாமி எஃப் ஐந்தை அழுத்தினார். ஸ்லைடு ஸ்லைடாக ஓடியது. மாவட்டம், ஊர், மோட்டார், பச்சை டிக். மாவட்டம், ஊர், மோட்டார், பச்சை டிக். எங்கும் சிக்கவில்லை, எங்கும் தேடவில்லை. பத்து நிமிடத்தில் இன்னும் மிச்சம் இருந்தது.

"முடிஞ்சுது டீச்சர்."

"கீ தட்டுற சத்தம் நல்லா இருந்துச்சு," என்றார் ஷம்ஷாத் சுவரைப் பார்த்தபடி. "இதுல நீங்க எப்ப வந்தீங்க?"

வெள்ளைச்சாமிக்குப் புரியவில்லை. தன் நெஞ்சில் இருந்ததைத்தான் பதிலாகச் சொன்னார். லிஃப்டில் நடந்ததை முதன்முறையாக ஒருவரிடம் சொன்னார்.

ஷம்ஷாத் நாற்காலியைத் திருப்பினார். கையை நீட்டி, பி என்ற எழுத்தை ஒரு தடவை அழுத்தினார்.

திரை கறுத்தது.

வெள்ளைச்சாமி பதறி எஸ்கேப்பைத் தேடினார். ஷம்ஷாத் கீபோர்டை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"போச்சா?"

"எதுவும் போகலை."

"அப்ப இது எதுக்கு?"

ஷம்ஷாத் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். தேங்காய்ச் சோறு. கறுத்த திரையில், கண்ணாடியில் தெரிவதுபோல், ஒரு பெண் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு ஆள் வாயைத் திறந்து நின்றுகொண்டிருந்தான்.

"சாப்பிடுறப்ப எதிர்ல ஒரு ஆள் இருக்கட்டுமேன்னுதான்," என்றார்.

சாப்பிட ஆரம்பித்தார். வெள்ளைச்சாமி தன் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார்.

மாதக் கடைசி வந்தது.

அதே அறை, அதே மூவர். ஹேமலதா நடுவில். வெள்ளைச்சாமி வணக்கம் சொன்னார். மூவரும் திரைக்கு வணக்கம் சொன்னார்கள்.

ஸ்லைடுகள் ஓடின. போன மாதத்தோடு ஒப்பிட்டுக் காட்டுங்க என்றார் ஒருவர். வெள்ளைச்சாமி எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினார், உடனே வந்தது. பரவாயில்லையே என்றார் அவர், திரையைப் பார்த்து.

கொக்கனேந்தல் ஊரின் ஸ்லைடு வந்தது. மோட்டாரின் படம். பக்கத்தில் பச்சை டிக். மூவரும் தலையை ஆட்டினார்கள்.

அடுத்த ஸ்லைடுக்கான கீயின்மேல் விரல் இருந்தது. அழுத்தினால் போதும். இன்னும் நாலைந்து ஸ்லைடுகள், மணிக்கு முன்னால் முடிந்துவிடும்.

வெள்ளைச்சாமி அந்தப் படத்தையே பார்த்தார்.

பிறகு பி என்ற எழுத்தை அழுத்தினார்.

"கரண்ட் போச்சா?" என்றார் ஒருவர். ஏசி ஓடுதே சார் என்றார் மற்றவர். கேபிள் லூஸா இருக்கும் என்று மேசைக்கு அடியில் குனிந்தார்கள். உதவியாளரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து கேபிளைப் பிடுங்கி, ஊதி, மறுபடி சொருகினார். திரை கறுப்பாகவே இருந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது.

"நான்தான் சார் அணைச்சேன்," என்றார் வெள்ளைச்சாமி.

மேசைக்கு அடியிலிருந்து தலைகள் வெளியே வந்தன. பார்ப்பதற்கு அந்த அறையில் வேறு எதுவும் இல்லை. அவரைப் பார்த்தார்கள்.

குறிப்பு எதுவும் இல்லை, எதிரே எழுத்து எதுவும் இல்லை. வெள்ளைச்சாமி ஊரில் பேசுவது போலவே பேசினார்.

கொக்கனேந்தலில் மோட்டார் ஓடுகிறது, அது பொய்யில்லை என்றார். வெயில் ஏறினால்தான் ஓடும். தொட்டி கட்டவில்லை, நேராகக் குழாய்க்குத்தான் தண்ணீர். தண்ணீர் வருகிற உச்சி வெயிலில் ஊரில் ஒரு ஆள் இருக்காது, எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள். அவர்கள் திரும்பி வரும்போது குழாய் காய்ந்து கிடக்கும். மறுபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு பழைய கிணற்றுக்குத்தான் போகிறார்கள்.

நடுவில் கொஞ்ச நாள் நல்லா இருந்துச்சாம் என்றார். சேது என்று ஒருவர் கால் ஒடிந்து வீட்டில் கிடந்தார். எல்லார் வீட்டுக் குடத்தையும் குழாயடியில் வரிசையாக வைத்துவிட்டுப் போவார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடித்து வைப்பார்.

"இப்ப?" என்றார் ஹேமலதா.

"கால் சரியாப்போச்சு மேடம். அவரும் வேலைக்குப் போறாரு."

யாரும் சிரிக்கவில்லை.

மணி அடித்தது. மிச்ச ஸ்லைடுகள் அப்படியே நின்றன.

ஹேமலதா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஏதோ தேடுவது போலிருந்தது.

"அன்னிக்கு லிஃப்ட்ல வந்தது நீங்கதானே?"

"ஆமா மேடம்."

"அடுத்த மாசம் அந்த ஊருக்குப் போறப்ப சொல்லுங்க, வெள்ளைச்சாமி. நானும் வரேன்."

அவருடைய கெடு இந்த மாதத்தோடு முடிகிறது. அடுத்த மாசம் என்ற சொல் அவருக்குள் இறங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மதியம் எல்லோரும் கும்பலாகச் சாப்பிடப் போனார்கள். பக்கத்து வரிசைப் பையன்கள் கைகொடுத்தார்கள், கூட வரச் சொன்னார்கள். வெள்ளைச்சாமி வரேன்பா என்று சொல்லி, தன் டப்பாவை எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் நடந்தார்.

ஷம்ஷாத்தின் திரை கறுத்திருந்தது. டப்பா திறந்திருந்தது.

வெள்ளைச்சாமி ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். எப்படிப் போனது என்று ஷம்ஷாத் கேட்கவில்லை. அவருடைய டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, கருவாடா?"

"ஆமா டீச்சர்."

"எனக்கும் வைங்க."

வெள்ளைச்சாமி வைத்தார். ஷம்ஷாத் இடது கையை நீட்டி அந்த எழுத்தை மறுபடி அழுத்தினார்.

ஸ்லைடு திரும்பி வந்தது. இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை.

கதை கேட்ட மறுநாள் நான் ஒரு கோப்பைத் திறந்து அழுத்திப் பார்த்தேன். பி-க்குப் பதிலாக முற்றுப்புள்ளியை அழுத்தினாலும் திரை கறுக்கிறது. மறுபடி அழுத்தினால், விட்ட இடத்தில் அதே ஸ்லைடு இருக்கிறது.